கணினி வலையமைப்புகளை உலாவித் திரையில் கண்காணித்தல்: ஆர்ப்பாநெட் முதல் சரவணம்பட்டி வரை

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில், கணபதியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கும் ஊர் சரவணம்பட்டி. பேரூராட்சியாக இருந்து 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. அருகே சின்னவேடம்பட்டியில் 1984-இல் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. பஞ்சாலைத் தொழிலில் வேரூன்றிய கேஜி குழுமம் பின்னாளில் சரவணம்பட்டியில் கேஜிஐஎஸ்எல் தகவல் தொழில்நுட்ப வளாகத்தை அமைத்தது. பக்கத்துக் கீரணத்தத்தில் 'சில்' சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தது. மானாவாரிக் காடுகள் கண்ணாடிக் கட்டடங்களாக மாறிய கதை தனியே எழுதத்தக்கது. இங்கே அதை விரிக்கவில்லை.

இக்கட்டுரை பேச வருவது, இத்தகைய வளாகங்களில் இரவிலும் விளக்கு அணையாத ஒருவகை அறையைப் பற்றி. அதற்கு வலையமைப்பு இயக்க மையம் என்று பெயர். சுவர் முழுதும் திரைகள். திரைகளில் பெயர்ப் பட்டியல்கள், கோட்டு வரைபடங்கள், பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எங்கோ இருக்கும் ஒரு கருவியின் நிலையைச் சொல்கிறது. அந்தக் கருவி அடுத்த மாடியில் இருக்கலாம்; அமெரிக்காவில் ஒரு வங்கிக் கிளையிலும் இருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனெனில் இரண்டையும் அவர் ஓர் உலாவியில்தான் பார்க்கிறார். கொங்கு நாட்டுக்கு இரவு ஷிப்ட் புதிதில்லை. மில் சங்கு ஊதினால் எழுந்து போன குடும்பங்கள் இவை. நூற்பாலையில் ரிங் பிரேம் பார்க்கும் தொழிலாளி வரிசையாக நடந்து, எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்து ஒட்டிவிட்டுப் போவார். இன்று அவருடைய பேரனோ பேத்தியோ வரிசையாகத் திரையைப் பார்த்து, எங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று தேடுகிறார்.

இந்தத் திரை எப்படி வந்தது? அதில் தெரியும் பச்சையை எவ்வளவு நம்பலாம்? முதல் கேள்வி வரலாறு. இரண்டாவது கேள்வி, இத்துறைக்கு வரப்போகும் மாணவர் ஒவ்வொருவருக்கும் முக்கியமானது.

வலையமைப்பு பேசத் தொடங்கிய காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-இல் நான்கு கணுக்களோடு இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனம், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுப்பாட்டு மையம் வைத்திருந்தது. ஒவ்வொரு கணுவிலும் இருந்த சிறு கணினி, தன் நிலையையும் தன்னோடு இணைந்த தொடர்களின் நிலையையும் குறித்த இடைவெளியில் அந்த மையத்துக்கு அறிக்கையாக அனுப்பியது. இதனால் ஒரு விந்தை நடந்தது. நாட்டின் மறுகோடியில் தொலைபேசிக் கம்பி ஒன்று பழுதானால், அந்தத் தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியுமுன் கேம்பிரிட்ஜில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. 'உங்கள் கம்பி பழுது' என்று இவர்கள் அழைத்துச் சொன்னபோது, தொலைபேசிக்காரர்கள் முதலில் நம்பவில்லை.

தன் நிலையைத் தானே சொல்லும் வலையமைப்பு என்ற கருத்து அங்கே பிறந்தது. அதன் ஆபத்தும் சீக்கிரமே தெரிந்தது. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. காரணம் எதிரிகளும் இல்லை, மின்தடையும் இல்லை. நிலை அறிக்கைகளே வலையமைப்பை முடக்கின.

நடந்தது இதுதான். கணுக்கள் தமக்குள் பரிமாறிக்கொண்ட ஒவ்வொரு நிலைச் செய்திக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் உண்டு. 63-க்குப் பிறகு மீண்டும் 0. எண் வட்டமாகச் சுற்றுவதால், இரு செய்திகளில் எது புதியது என்று அறிய ஒரு விதி இருந்தது: பெரிய எண் சிறிய எண்ணைவிட 32 வரை மட்டுமே கூடியிருந்தால் பெரியது புதியது, அதற்குமேல் இடைவெளி இருந்தால் சிறியதே புதியது, அதாவது சுற்று முடிந்து திரும்பி வந்தது. ஒரு கணுவின் நினைவகத்தில் சில பிட்டுகள் உதிர்ந்ததால், ஒரே கணுவின் செய்தி 44, 40, 8 என்ற மூன்று எண்களில் வலம்வரத் தொடங்கியது. விதிப்படி பார்த்தால் 44 என்பது 40-ஐவிடப் புதியது. 40 என்பது 8-ஐவிடப் புதியது, இடைவெளி சரியாக 32. ஆனால் 8 என்பது 44-ஐவிடப் புதியது, இடைவெளி 36. ஆக மூன்றும் ஒன்றையொன்று 'நான்தான் புதியது' என்று துரத்தின. ஒவ்வொரு கணுவும் ஒவ்வொரு முறையும் புதுச்செய்தி வந்ததாக எண்ணி அண்டைக் கணுக்களுக்குப் பரப்பியது. வேறு எந்த வேலைக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. எரிக் ரோசன் 1981-இல் எழுதிய அறிக்கை (ஆர்.எப்.சி. 789) இதை விளக்குகிறது, எண்களைக் கையில் போட்டுப் பார்க்கத் தெரிந்த எந்த மாணவரும் அதைப் படித்துவிடலாம்.

அடுத்து வந்த கருவி மிக எளியது. 1983 டிசம்பரில், அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் ஒரே மாலைப்பொழுதில் 'பிங்' என்ற நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, இது ஒரு சிறு பொதியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். மறுமொழி வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. எத்தனை மில்லிநொடியில் வந்தது என்பது வழியின் நலத்தைச் சொல்லும். வேறொரு வலையமைப்பு நிர்வாகி ஒருமுறை, விட்டுவிட்டு வரும் பழுது ஒன்றைத் தேடியபோது, மறுமொழி வரும்போதெல்லாம் கணினி 'பிங்' என்று குரல் கொடுக்கும்படி செய்து, ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டடம் முழுதும் நடந்து ஒவ்வொரு கேபிள் இணைப்பையும் அசைத்துப் பார்த்தாராம். குரல் நின்ற இடத்தில் பழுது. வலையமைப்புக் கண்காணிப்பின் சாரம் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது.

எண்ணிகளின் மொழி

பிங் 'இருக்கிறாயா?' என்று மட்டுமே கேட்கும். 'எவ்வளவு பாரம் சுமக்கிறாய்? எத்தனை பொதிகளைத் தவறவிட்டாய்? எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறாய்?' என்று கேட்க ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. எண்பதுகளின் பிற்பாதியில் ஒவ்வொரு கருவித் தயாரிப்பாளரும் தனித்தனி மொழி வைத்திருந்தார்கள். 1988 ஆகஸ்டில் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, அதாவது எஸ்.என்.எம்.பி., வெளியானது, 1990 மே மாதம் வந்த ஆர்.எப்.சி. 1157 அதன் நிலைத்த வடிவம். ஜெப்ரி கேஸ், மார்க் பெடோர், மார்டின் ஸ்காப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள். இன்னும் விரிவான வேறொரு நெறிமுறை தயாராகும்வரை தற்காலிக ஏற்பாடாகத்தான் இதை ஏற்றார்கள். அந்த விரிவான நெறிமுறையை இன்று வரலாற்று நூல்களில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தற்காலிகக் கொட்டகை நிரந்தர வீடாகிவிடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

இதன் இயக்கம் எளிது. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஸ்விட்சிலும் 'முகவர்' என்னும் சிறு நிரல் இருக்கும். அது பல எண்ணிகளை வைத்திருக்கும். ஒரு வாயில் வழியே இதுவரை உள்ளே வந்த பைட்டுகள் எத்தனை, வெளியே போனவை எத்தனை, பிழையானவை எத்தனை என்பன போன்றவை. ஒவ்வொரு எண்ணிக்கும் 1.3.6.1 என்று தொடங்கும் நீண்ட முகவரி உண்டு. கண்காணிக்கும் கணினி அந்த முகவரியைச் சொல்லிக் கேட்டால் முகவர் எண்ணைத் தரும். அவசரம் என்றால் கேட்காமலே 'டிராப்' என்ற எச்சரிக்கையை அனுப்பும். மின்வாரியக் கணக்கெடுப்பாளர் மீட்டர் பார்ப்பதை நினைத்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது மொத்தம். சென்றமுறை கணக்கைக் கழித்தால்தான் இடைப்பட்ட காலத்துப் பயன்பாடு தெரியும்.

மீட்டர் சுற்றி மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிட்டால்? முதல் எண்ணிகள் 32 பிட் அகலமானவை. 4,294,967,295 வரை எண்ணிவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பும். நொடிக்கு 64 கிலோபிட் இணைப்பில் அது நிரம்ப ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். 100 மெகாபிட்டில் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு கிகாபிட்டில் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவர், கிகாபிட் இணைப்பில் எண்ணி எத்தனை முறை சுற்றியது என்று அறியவே முடியாது. நிரம்பி வழியும் இணைப்பு திரையில் காலியாகத் தெரியும். இதற்காகப் பின்னர் 64 பிட் எண்ணிகள் வந்தன. ஆனாலும் பழைய அமைப்பை அப்படியே விட்டுவிட்டு 'வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்வது இன்றும் காணக்கிடைக்கும் தவறு.

உலாவி வந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த எண்ணிகளைப் பார்க்கச் சன்நெட் மேனேஜர், எச்.பி. ஓப்பன்வியூ, ஐ.பி.எம். நெட்வியூ போன்ற பெரிய மென்பொருள்கள் இருந்தன. அவற்றுக்கு விலையுயர்ந்த யூனிக்ஸ் பணிக்கணினி வேண்டும். அதன் முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வலையமைப்பின் நிலை ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தது.

பூட்டை உடைத்தவர்கள் பெருநிறுவனங்களுக்கு வெளியே இருந்தார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1994-இல் டோபியாஸ் ஓட்டிகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலை பார்த்தார். அங்கே வெளியுலகோடு இருந்த ஒரே இணைப்பு நொடிக்கு 64 கிலோபிட். இன்று ஒரு கைப்பேசிக்கே போதாத அந்த அளவில் முழு வளாகமும் ஓடியது. இணைப்பு ஏன் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் பெர்ல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரின் எண்ணியைக் கேட்டு, வரைபடம் வரைந்து, இணையப்பக்கமாக வைத்துவிடும். உள்ளே வருவது பச்சைப் பரப்பு. வெளியே போவது நீலக் கோடு. 1995-இல் அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். எம்.ஆர்.டி.ஜி. என்று அழைக்கப்படும் அந்த நிரல் உலகெங்கும் பரவியது. கேள்வி கேட்டவர்களுக்கு ஓட்டிகர் தந்த விடை ஓர் இணைய முகவரிதான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வலையமைப்பின் நிலை பொதுச்செய்தியானது இப்படித்தான்.

1996-இல் கனடாவின் ஷான் மெக்குவயர் 'பிக் பிரதர்' என்ற மென்பொருளை வெளியிட்டார். அது ஓர் அட்டவணை. இடப்பக்கம் கணினிகளின் பெயர். மேலே சேவைகளின் பெயர். நடுவே பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். ஏதாவது ஒன்று சிவப்பானால் பக்கத்தின் பின்புலமே சிவப்பாகும். சாலைச் சந்திப்பில் நிற்பவருக்குப் புரிவது வலையமைப்பைப் பார்ப்பவருக்கும் புரிந்தது. இன்றுள்ள கண்காணிப்புத் திரைகள் பெரும்பாலும் இந்த இருவரின் வாரிசுகள்தாம்: கோட்டு வரைபடம் ஓட்டிகரிடமிருந்து, வண்ணப்புள்ளி மெக்குவயரிடமிருந்து.

பிறகு வந்தவை பல. 1999-இல் ஓட்டிகரின் ஆர்.ஆர்.டி.டூல். அதே ஆண்டில் ஈதன் கால்ஸ்டாட் எழுதிய நெட்செயின்ட். அது 2002-இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. லாட்வியாவிலிருந்து சபிக்ஸ். 2014-இல் கிராபனா. சரவணம்பட்டியில் வேலைக்கு நேர்காணல் செல்லும் இளைஞரிடம் இவற்றில் ஒன்றிரண்டையாவது கேட்பார்கள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எண்ணி, இடைவெளி, சராசரி என்ற மூன்றையும் புரிந்துகொண்டு போவது நல்லது.

சென்னையில் எழுதப்பட்ட அத்தியாயம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. அதற்கு முன்பே, 1986-இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்றிருந்தது. ஆக, தமிழ்நாட்டில் வலையமைப்பை அறிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். பலர் அமெரிக்காவில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவரும் டோனி தாமஸும் உடன்பிறந்தோர், நண்பர்களோடு சேர்ந்து 1996-இல் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிறுவனம் அமெரிக்காவில், மென்பொருள் எழுதுவது சென்னையில். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் இக்கட்டுரையின் பொருள்தான்.

அதன் வணிகக் கணக்கைப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும், கருவியோடு அதைக் கண்காணிக்கும் மென்பொருளையும் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் வாங்கமாட்டார். அதைப் புதிதாக எழுத ஆளும் காலமும் பிடிக்கும். 1996-இல் ஜாவா மொழி அப்போதுதான் வெளிவந்திருந்தது. எந்தக் கணினியிலும் ஓடும். உலாவிக்குள்ளும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. அட்வென்ட்நெட், எஸ்.என்.எம்.பி. பேசும் நிரல்தொகுப்பை ஜாவாவில் எழுதியது. அதன்மேல் வெப் என்.எம்.எஸ். என்ற சட்டகத்தைக் கட்டியது. கருவி செய்பவர்கள் அதை வாங்கி, தங்கள் கருவிக்கேற்ப நிரப்பி, தங்கள் பெயரில் விற்றுக்கொள்ளலாம். வீடு கட்டுபவருக்குக் கதவும் சன்னலும் செய்து தருவதுபோன்ற தொழில். எனவேதான் பொதுமக்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை ஊதிப் பெருத்தது, 2001-இல் வெடித்தது. கருவி செய்யும் நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட, அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்கள் கரைந்தார்கள். நிறுவனம் வேறு பக்கம் திரும்பியது. கருவி செய்பவர்களை விட்டுவிட்டு, கருவியைப் பயன்படுத்துபவர்களிடம், அதாவது சாதாரண அலுவலகங்களின் கணினித் துறைகளிடம், நேரடியாக விற்கத் தொடங்கியது. அந்தப் பிரிவு மேனேஜ்எஞ்சின். அதன் வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள் ஆப்மேனேஜர். 2006-இல் வெளியிலிருந்து இணையதளங்களைக் கண்காணிக்கும் சைட்24x7 சேவை வந்தது. அலுவலகச் செயலிகளுக்கு ஜோஹோ என்று பெயரிட்டார்கள். 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என்று மாறியது. இன்று ஜோஹோ என்றால் மின்னஞ்சலையும் அரட்டை செயலியையும் நினைப்பவர்கள், அதன் வேர் ரௌட்டர் எண்ணிகளைப் படிப்பதில் இருந்தது என்று அறிந்தால் வியப்பார்கள். உலாவியில் வேலை செய்தால் எங்கிருந்தும் செய்யலாம் என்பதைத் தன் பொருளிலேயே கண்ட நிறுவனம், 2011-இல் தென்காசியில் அலுவலகம் திறந்ததில் வியப்பில்லை.

சென்னையில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் நடத்திய டெநெட் குழுவிலிருந்து பல நிறுவனங்கள் பிறந்தன. அவற்றில் என்.எம்.எஸ்.வொர்க்ஸ் வலையமைப்பு மேலாண்மைக்கென்றே அமைந்தது. அதன் மென்பொருள் சிக்நெட். பேராசிரியர் திமோதி கான்சால்வஸ் இதில் முன்னின்றார். இவர் பின்னாளில் மண்டி ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரானவர். ஒரே நகரில், ஒரே கல்வி நிலையத்தின் நிழலில், ஒரே சிறு துறைக்கு இரண்டு நிறுவனங்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. கருவி இறக்குமதியாகலாம், அதைப் பார்த்துக்கொள்ளும் அறிவை உள்ளூரில் எழுதலாம் என்று அந்தத் தலைமுறை கண்டுகொண்டது.

கோவையின் பங்கு

கோவைப் பகுதியில் நிலை வேறு. இங்கே பெரும்பாலும் நடந்தது கண்காணிப்பு மென்பொருள் எழுதுவதைவிட, அதைக் கொண்டு பிறருடைய வலையமைப்பைக் காப்பது. எனினும் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். லண்டனில் பணியாற்றிவந்த சரவண குமார் 2011-இல் பிஸ்டாக்360 என்ற மென்பொருளை வெளியிட்டார். மைக்ரோசாப்டின் பிஸ்டாக் சர்வர், நிறுவனங்களின் வெவ்வேறு கணினி அமைப்புகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் வழங்கி. ஓர் ஆர்டர் எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்க்க, நிர்வாகி அந்த வழங்கிக்குள்ளேயே நுழைந்து அதன் மேலாண்மைத் திரையைத் திறக்க வேண்டியிருந்தது. பிஸ்டாக்360 அதை உலாவிக்குக் கொண்டுவந்தது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்று வரம்பும் வகுத்தது. 1994-இல் லெஸ்டரில் நடந்ததன் மறுபதிப்பு இது. பொருள் மட்டும் வேறு. அந்த நிறுவனத்தின் பெயர் கோவை.கோ. லண்டனிலும் கோயம்புத்தூரிலுமாக இயங்கும் நிறுவனத்துக்கு ஊர்ப்பெயரையே இட்டதை ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு, சொல்லட்டும்.

பச்சை சொல்லும் பொய்கள்

பெரிய வலையமைப்பின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு நிறுவனத்தில் 1,000 ஸ்விட்சுகள், ஒவ்வொன்றிலும் 48 வாயில்கள், வாயிலுக்கு நான்கு எண்ணிகள் என்று கொள்வோம். மொத்தம் 1,92,000 எண்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டால் நொடிக்கு 640 விடைகள் வந்தபடி இருக்கும். எந்த மனிதரும் இதைப் பார்க்க முடியாது. எனவே சுருக்க வேண்டும். சுருக்கும் இடத்தில்தான் பொய் நுழைகிறது.

முதலாவது, சராசரி. ஐந்து நிமிடச் சராசரியில் பத்து நொடி நெரிசல் காணாமல் போகும். எம்.ஆர்.டி.ஜி.யின் ஆண்டு வரைபடத்தில் ஒரு புள்ளி ஒரு முழு நாளின் சராசரி. காலை பத்து மணிக்குத் தவித்த அலுவலகம், இரவின் வெறுமையோடு கலந்து, சௌகரியமாக இருப்பதாகத் தெரியும்.

இரண்டாவது, சிவப்பு வெள்ளம். நடுவிலுள்ள ஒரு ரௌட்டர் நின்றால் அதற்குப் பின்னாலுள்ள நூறு கருவிகளும் சிவப்பாகும். நூறு எச்சரிக்கை வரும். பழுது ஒன்றுதான். நாகியோஸ் இதற்காகவே 'நின்றது' என்பதையும் 'எட்டமுடியவில்லை' என்பதையும் பிரித்தது. ஒவ்வொரு கருவிக்கும் பெற்றோர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், பெற்றோர் விழுந்தபோது பிள்ளைகளுக்காகக் கூச்சலிடாது. அந்த உறவுமுறையை எழுதி வைக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. விளைவாக, தினம் நூறு பொய் எச்சரிக்கை பார்த்துப் பழகிய இரவுப் பணியாளர் நூற்றோராவது எச்சரிக்கையையும் தட்டிவிடுகிறார். அவரைக் குறைசொல்வது எளிது. எச்சரிக்கையை அமைத்தவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. கண்காணிக்கும் திரை, கண்காணிக்கப்படும் வலையமைப்பையே நம்பியிருப்பது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் மணிக்கணக்கில் நின்றது. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் சொந்தப் பக்கத்தை உடனே மாற்ற முடியவில்லை. ஏனெனில் அதை மாற்றும் கருவியும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது. உலகமே தவித்த நேரத்தில் பக்கம் பச்சையாக நின்றது. கடைசியில் டுவிட்டரில் செய்தி சொன்னார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரமளவு மறைந்தன. பராமரிப்புக் கட்டளை ஒன்று அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. பழுதைப் பார்க்க உதவும் உள்கருவிகளும் அதோடு போயின. பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 1980 முடக்கத்தை அறிந்தவருக்கு இவை புதிதாகத் தோன்றாது. சைட்24x7 போன்ற வெளிக்கண்காணிப்புச் சேவைகளுக்குச் சந்தை உண்டானதன் காரணமும் இதுவே: நம் வீட்டுக் கூரை எரிவதை எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் பார்ப்பார்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். எஸ்.என்.எம்.பி.யின் முதல் வடிவங்களில் கடவுச்சொல் மறைகுறி இன்றி அப்படியே பயணிக்கும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்ற சொல்லாகவே விற்கப்பட்டது. மறைகுறியோடு கூடிய மூன்றாம் வடிவம் 2002-இல் தரமாக ஏற்கப்பட்டும், பழையது இன்னும் ஓடுகிறது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் இதைவிடக் கசப்பான பாடம். அந்நிறுவனத்தின் ஓரியன் ஒரு வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள். அதன் புதுப்பித்தலுக்குள்ளேயே ஊடுருவல் நிரல் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள்வரை போய்ச் சேர்ந்தது. அவர்களில் அமெரிக்க அரசுத் துறைகளும் உண்டு. எல்லாவற்றையும் பார்க்கும் கண், திருடனுக்கும் கிடைத்தால் எல்லாவற்றையும் காட்டும். வீட்டின் எல்லாச் சாவியும் காவலாளியிடம் இருக்கிறது என்றால், திருடன் தேடிப்போவது காவலாளியைத்தான்.

திரைக்கும் வரிசைக்கும் இடையே

இதுவரை சொன்னவை நிறுவனங்களின் வலையமைப்புகள். தமிழ்நாட்டில் சாதாரண மக்களைத் தொடும் பெரிய வலையமைப்புகள் அரசினுடையவை. எல்காட் நிறுவனம் நடத்தும் மாநில அகலப்பரப்பு வலையமைப்பு, தலைநகரை மாவட்ட, வட்ட, ஒன்றிய அலுவலகங்களோடு இணைக்கிறது. பாரத்நெட் திட்டத்தின்கீழ் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு தரும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்துக்கு. இத்தகைய வலையமைப்புகளுக்கும் இயக்க மையம் உண்டு; அங்கும் உலாவித் திரைதான்; அங்கும் பச்சை, சிவப்புதான்.

இந்த வலையமைப்பின் மறுமுனையில் இருப்பது இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் மாணவர், நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைத்துவிட்டுக் காத்திருக்கும் மூதாட்டி. 'சர்வர் டவுன்' என்ற சொல் ஆங்கிலம் அறியாத கிராமத்தவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் அதைக் கேட்கும் அந்த நேரத்தில், இயக்க மையத்துத் திரை பச்சையாக இருக்கக்கூடும். அது பொய்யும் ஆகாது. திரை கேட்டது ஒன்றிய அலுவலகத்து ரௌட்டரை. ரௌட்டர் 'இருக்கிறேன்' என்றது. அதற்கப்பால் கடைவரை போகும் கடைசித் துண்டையோ, கருவியின் சிம் அட்டையையோ, பின்னாலிருக்கும் தரவுதள வழங்கி விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தையோ யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத் திரையில் கட்டம் இல்லை.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு இருக்கிறது. வெளிக்கண்காணிப்புச் சேவைகள் செய்வதுபோல, ஒரு பயனர் செய்யும் வேலையையே ஒரு நிரல் செய்துபார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கடைக் கருவியின் இடத்திலிருந்து ஒரு பொய்யான பரிவர்த்தனையைத் தொடங்கி, முடிகிறதா, எத்தனை நொடியில் முடிகிறது என்று பதியும். அதையும் திரையில் ஒரு கட்டமாக்கலாம். அந்தத் திரையைப் பூட்டிய அறையில் வைக்காமல், 1995-இல் ஓட்டிகர் செய்ததுபோல எவரும் திறந்து பார்க்கும் இணையப்பக்கமாக வைக்கலாம். அப்படி ஒரு பக்கம் இருந்தால், சரவணம்பட்டியிலிருந்து கீரணத்தம் ரேஷன் கடைக்கு நடந்து போகும் ஒருவர், இன்று போனால் அரிசி கிடைக்குமா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.